சம்பளப் பற்றுகை: 'கார்னிஷ்மென்ட்' என்ற சொல்லுக்கு விளக்கம்

தகப்பன் அமெரிக்காவிலோ கனடாவிலோ, தாயும் பிள்ளையும் கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ இருக்கிற குடும்பங்கள் வன்னியில் கொஞ்சமல்ல. அங்கே பிள்ளைச் செலவு வழக்கு நடந்தால், அதுபற்றி வரும் கடிதத்தில் 'வேஜ் கார்னிஷ்மென்ட்' என்ற சொல் இருக்கும். அகராதியைப் புரட்டினால் 'அலங்கரித்தல்' என்ற பொருள்தான் முதலில் கண்ணில் படும். கறிக்கு மேலே மல்லியிலை தூவுவதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான். சம்பளத்தை யார் அலங்கரிக்கிறார்கள் என்று வாசிக்கிறவர் குழம்புவது நியாயம்.

ஒருவர் கட்டவேண்டிய பணத்தை, அவர் கைக்குச் சம்பளம் போகுமுன்பே, சம்பளம் கொடுப்பவரிடமிருந்து சட்டப்படி பிடித்துக்கொள்வதுதான் கார்னிஷ்மென்ட்.

பழைய பிரெஞ்சில் 'கார்னிர்' என்றொரு வினை இருந்தது. ஆயத்தப்படுத்து, எச்சரி என்று அதற்கு இரண்டு பொருள். ஆங்கிலத்தில் எச்சரிப்பதைக் குறிக்கும் 'வார்ன்' இதற்கு உறவுச் சொல். ஆயத்தப்படுத்துவது அலங்கரிப்பதாகிச் சமையலறைக்குப் போனது. எச்சரிப்பது நீதிமன்றத்துக்கு வந்தது. எச்சரிக்கை போவது கடன்பட்டவருக்கு அல்ல, அவருடைய முதலாளிக்கு: 'இவருக்கு நீ கொடுக்கவேண்டிய காசில் இவ்வளவை இவரிடம் கொடாதே.' அப்படி எச்சரிக்கப்பட்டவர் 'கார்னிஷீ'. கடனாளிக்கே கடன்பட்டவர் என்று சொன்னால் சட்டென்று விளங்கும்.

தமிழில் என்ன சொல்லலாம்? தமிழ்நாட்டில் 'ஜப்தி' பழகிய சொல். அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. ஆனால் ஜப்தி என்றதும் வீட்டுச் சாமானைத் தூக்கிப்போகிற காட்சிதான் மனதில் வரும். 'பறிமுதல்' பிழை, குற்றத்துக்காக அரசு எடுத்துக்கொள்வது அது. 'சம்பள வெட்டு' என்றால் சம்பளத்தையே குறைத்துவிட்டார்கள் என்றாகிவிடும். என் தெரிவு 'சம்பளப் பற்றுகை'. பற்றுதல் என்றால் பிடித்தல். 'சம்பளத்தில பிடிக்கிறாங்கள்' என்று நம் சனம் சொல்வதும் அதைத்தானே. கரைதுறைப்பற்று என்ற இடப்பெயரில் உள்ள பற்று நிலப்பிரிவைக் குறிப்பது; அதனால் குழப்பம் வராது.

பிள்ளைச் செலவுக்கு இலங்கை நீதிமன்றங்களில் வழங்கும் சொல் 'தாபரிப்பு'. தமிழ்நாட்டார் சொல்லும் 'ஜீவனாம்சம்' வாழ்வதற்கான பங்கு என்று பொருள்படும் வடசொல். அதைக் கேட்டால் பலருக்கு மனைவிக்குரிய பணம்தான் நினைவுக்கு வரும். பிள்ளைக்குத் தாபரிப்பே பொருத்தம்.

சரி, எவ்வளவு பிடிக்கலாம்? அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் பாதுகாப்புச் சட்டம் இதற்கு எல்லை போட்டது. சாதாரணக் கடனுக்கு, கையில் வரும் சம்பளத்தில் 25 வீதத்துக்கு மேல் பற்ற முடியாது. பிள்ளைச் செலவுக்கு எல்லை பெரிது. அந்த ஆள் வேறொரு துணையையோ பிள்ளையையோ பார்த்துவருகிறார் என்றால் 50 வீதம், இல்லையென்றால் 60. நிலுவை 12 வாரத்துக்கு மேல் பழையதானால் இரண்டிலும் இன்னொரு 5 வீதம் கூடும். கையில் வருவது கிழமைக்கு 1,000 டொலர் என்றால், 500 முதல் 650 டொலர் வரை போகலாம். இவை உச்ச எல்லைகள். மாநிலச் சட்டம் இதைவிடக் குறைவாகவும் வைக்கலாம். ஒரேயொரு கடனுக்காகச் சம்பளம் பற்றப்பட்டது என்று வேலையிலிருந்து நிறுத்தவும் கூடாது.

'கையில் வரும் சம்பளம்' என்பதில்தான் கணக்குப் பிழைக்கும். சட்டம் கட்டாயமாக்கிய வரி போன்ற கழிவுகள் போக மிஞ்சுவதே அது. தானாக விரும்பி எடுத்த கடனின் தவணையைக் கழித்துவிட்டு 'எனக்கு மிஞ்சுவது இவ்வளவுதான்' என்று காட்ட முடியாது. இங்கே நுண்கடனும் சீட்டும் கட்டிப் பழகியவர்களுக்கு இது கொடூரமாகத் தெரியலாம். எனக்கு நியாயமாகவே படுகிறது. கடன் வாங்கியது பிள்ளை இல்லையே.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கணக்கு வேறு: சாதாரணக் கடனுக்கு 20 வீதம், தாபரிப்புக்கு 50. இந்தியாவில் தாபரிப்புத் தீர்ப்பென்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடக்கூடாது. மற்ற இரண்டு பங்கையும் பற்றலாம்.

இலங்கையில் 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் இடத்துக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் வந்தது. வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் நடக்கும். பெற்றோர் மணம் முடித்தவர்களா என்பது பிள்ளையின் உரிமைக்குத் தடையில்லை. கட்டாதவரின் சம்பளத்தைப் பற்றவும் வழி உண்டு, மறியலுக்கு அனுப்பவும் வழி உண்டு.

ஆனால் பற்றுகைக்குச் சம்பளப் பட்டியல் வேண்டும், அதில் கையெழுத்துப் போடும் முதலாளி வேண்டும். கச்சேரியிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்பவரிடம் அது நடக்கும். இன்றைக்கு ஒரு வயலில் அருவி வெட்டு, நாளைக்கு முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பு என்று ஓடுகிறவருக்கு எந்த முதலாளியை எச்சரிப்பது? அங்கே தாய்க்கு மிஞ்சுவது தவணைக்குத் தவணை நீதிமன்றம் போவதும் பிடியாணை கேட்பதும்தான்.