உபா கைது: 90ஆம் நாளுக்குள் கவனிக்க வேண்டியவை

உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் ஒருவர் கைதானதும் வீட்டார் கேட்பது, "ஜாமீன் எப்போ கிடைக்கும்?" என்பதுதான். குற்றச்சாட்டு முதல் பார்வையில் உண்மை என நம்ப நியாயமான காரணம் இருந்தால் ஜாமீன் தரக் கூடாது என்கிறது 43டி(5) பிரிவு. வழக்கமான ஜாமீனை மட்டுமே நம்பி இருந்தால் மாதங்கள் ஓடிவிடும்.

கைதுக்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என்று பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது. யாருக்கும் பொருந்தும் பொதுவான வாசகம் போதாது. இந்த ஆள் செய்ததாகச் சொல்லப்படுவது என்ன என்று இருக்க வேண்டும். தரவில்லையென்றால் ரிமாண்டின்போதே, அதாவது காவலில் வைக்க உத்தரவிடும்போதே, நீதிபதியிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். "நகல் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே வெறுங்கையோடு கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கடினம்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது; அதன் மூலம் பொருள் ஏதும் கைப்பற்றப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். போலீஸ் உயரதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாகும் என்ற தடா, பொடா (பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள்) காலத்து விதி இதில் இல்லை. பலரும் இன்னும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இனி நாள் கணக்கு. முதல் ரிமாண்ட் நாளையும் சேர்த்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. 43டி(5) இதைத் தடுக்காது. 180 நாள் வரை நீட்டிக்கலாம்தான், ஆனால் தானாக நீளாது. விசாரணை எதுவரை வந்திருக்கிறது, மேலும் காவல் ஏன் தேவை என்று அரசு வழக்கறிஞர் தம் அறிக்கையில் காட்ட வேண்டும். புலனாய்வு அதிகாரியின் கடிதத்தை அப்படியே அனுப்பி வைப்பது அறிக்கை ஆகாது. நீட்டிக்கும் அதிகாரம் சிறப்பு நீதிமன்றத்துக்கு, அது இல்லாத இடத்தில் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு. மாஜிஸ்திரேட்டுக்கு இல்லை என்பது பிக்ரம்ஜித் சிங் தீர்ப்பு (2020). நீட்டிப்பு மனுவை எடுக்கும்போது கைதானவர் நேரிலோ வீடியோவிலோ இருக்க வேண்டும் என்றது ஜிகர் தீர்ப்பு (2022).

கோட்டை விடுவது பெரும்பாலும் 91ஆம் நாள் காலையில்தான். ஜாமீன் மனு போடாதவரை இந்த உரிமை கைக்கு வராது. அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் போயிற்று. மனு முந்திவிட்டால், அதே நாள் மாலையில் குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை போகாது. சென்னையில் தொடங்கிய ஒரு போதைப்பொருள் வழக்கில், எம். ரவீந்திரன் தீர்ப்பு (2020) இதைத் தெளிவாக்கியது. ஆகவே மனுவில் தாக்கல் நேரம் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "ஜாமீன்தாரர் தரத் தயார்" என்ற வரியையும் விட்டுவிடக் கூடாது. ஜாமீன்தாரர்களின் அடையாள, சொத்து ஆவணங்களை 80ஆம் நாளிலேயே திரட்டி வைத்துக்கொள்ளுங்கள்: நீதிமன்றம் கொடுத்த கெடுவுக்குள் ஜாமீன் பத்திரம் தாக்கலாகாவிட்டால், வாங்கிய உத்தரவும் பயன்படாமல் போகும்.