கண்மாய்க் கரையில் பேட்டரி சைக்கிள்: ஏறுவதற்கு முன் ஓர் அரை மணி நேரம்

போன மாசி மாதம், ஆறு வார மாவுக்கட்டைப் பிரித்த கையோடு ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தார். வயது 61. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததே, அதில் தொண்டராக இருந்து தானும் பழகி, ஊர்ப் பெண்கள் பலருக்கும் பழக்கிவிட்டவர். மார்கழி விடுமுறையில் வந்த மகனும் மருமகளும் அவரையும் கூட்டிக்கொண்டு, வழிகாட்டியோடு கண்மாய்க் கரை சுற்றிப் பார்க்கும் பேட்டரி சைக்கிள் பயணம் ஒன்றுக்குப் போயிருக்கிறார்கள். கிளம்பிய இடத்திலேயே, பத்தடி நகர்வதற்குள் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"ஏம்மா, எனக்கா சைக்கிள் தெரியாது? ஏறும்போதே அது இழுத்துக்கிட்டுப் போயிருச்சு" என்று அவர் சொன்னபோது கைவலியை விட மனவலிதான் அதிகம் தெரிந்தது. அவருக்குச் சைக்கிள் நன்றாகவே தெரியும். விழுந்ததற்குக் காரணமே அந்தப் பழக்கம்தான். அதை யாரும் அவரிடம் முன்கூட்டியே சொல்லவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாமெல்லாம் சைக்கிள் ஏறும் விதத்தை நினைத்துப் பாருங்கள். இடது காலை இடது பெடலில் வைத்து, வலது காலால் தரையைத் தள்ளித் தள்ளி, வண்டி ஓடத் தொடங்கியதும் தாவி உட்காருவோம். பேட்டரி சைக்கிள்கள் பலவற்றில், பெடல் சுற்றுகிறதா என்று பார்க்கும் ஒரு சிறு சென்சார்தான் மோட்டாரை எழுப்புகிறது. நீங்கள் சீட்டில் இருக்கிறீர்களா, தொங்கிக்கொண்டு இருக்கிறீர்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பெடல் கொஞ்சம் முன்னால் போனதும், ஒரு கணம் தாமதித்து, மோட்டார் இழுக்கும். அந்த நேரத்தில் உங்கள் ஒரு கால் பெடலில் இருக்கிறது, ஒரு கால் காற்றில் இருக்கிறது. சில வண்டிகளில் ஸ்கூட்டிபோலக் கைப்பிடியில் திராட்டிலும் உண்டு. உருட்டிக்கொண்டு போகும்போது வலது கை தெரியாமல் முறுக்கினாலே வண்டி பாய்ந்துவிடும். எங்கள் ஆசிரியைக்கு நடந்தது முதல் வகை.

அதனால் ஏறும் முறையை மாற்றியே ஆக வேண்டும். மோட்டார் சுவிட்ச் அணைந்திருக்கட்டும். இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, வண்டியைச் சற்றே சாய்த்து, காலைத் தூக்கிப்போட்டு, இரண்டு கால்களும் தரையில் ஊன்றி நின்ற பிறகு சுவிட்ச் போடுங்கள், அதுவும் மிகக் குறைந்த நிலையில். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் பிடித்தால் மோட்டார் தானாக நின்றுவிடும், ஆகவே பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும்வரை பயமில்லை. இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்: நின்று, அணைத்து, அப்புறம் இறங்க வேண்டும். ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து இறங்கும் பழைய வழக்கம் இதற்கு ஆகாது, ஏனென்றால் இந்த வண்டி 20 கிலோவுக்கு மேல் இருக்கும், ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் அறுபது வயது இடுப்பால் தாங்கிப் பிடிக்க முடியாது.

இந்தப் பயணங்களுக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு நானே சைக்கிள் மிதிக்கச் சொல்கிறேன். உடம்பின் எடை சீட்டில் இறங்கிவிடுவதால், நடப்பதை விட முழங்காலுக்குச் சுமை குறைவு. மோட்டார் துணை இருந்தால், இருபது வருடமாகச் சைக்கிளைத் தொடாதவர்கூடக் கண்மாயின் ஒரு மடையிலிருந்து அடுத்த மடைவரை மூச்சு வாங்காமல் போய்வரலாம். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் பார்ப்பதற்கும் இருக்கிறது. முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் 1989-இலேயே பறவைகள் சரணாலயமாகி, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. ராமநாதபுரம் நகரை ஒட்டியுள்ள சக்கரக்கோட்டைக் கண்மாயும் தேர்த்தங்கலும் 2025-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ராஜசிங்கமங்கலத்தில், நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று ஊரே சொல்லும் அந்தப் பெரிய கண்மாய் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறி, கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நத்தைகுத்தியும் கூடு கட்டி உட்கார்ந்திருக்கும் காலைப்பொழுதை, நம் அம்மா அப்பாக்கள் சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. முறிந்த கையோடு திரும்பி வராமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், வேகம். 250 வாட்டுக்கு மிகாத மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகமும் உள்ள பேட்டரி வண்டிக்கு நம் நாட்டில் லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. அது நல்ல வசதி. ஆனால் லைசென்ஸ் தேவையில்லை என்றதும் பழகவும் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. சாதாரணமாக 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவர் இதில் அறியாமலே 24 போய்விடுகிறார். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். கரைமேல் திடீரென்று ஆடு குறுக்கே வரும்போது அந்த நான்கு மடங்கு தூரம் உங்களுக்கு இருக்காது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சரிவு. எந்தக் கை பிரேக் எந்தச் சக்கரத்துக்கு என்பது எல்லா வண்டியிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கிளம்பும் முன் சமதளத்தில் ஐந்தாறு முறை ஓட்டி, இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடித்து நிறுத்திப் பாருங்கள். மணலிலும் மழை ஈரம் காயாத கரிசலிலும் முன்பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் வழுக்கி, கையை ஊன்றித்தான் விழுவோம். ஊன்றிய கையின் மணிக்கட்டுதான் முறிகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கும் என்பதால், நின்ற உயரத்திலிருந்து விழுந்தாலே முறிந்துவிடலாம்.

சீட் உயரம் பற்றி வழிகாட்டித் தம்பிகளோடு எனக்குச் சின்னச் சண்டையே உண்டு. வருகிறவர்கள் பயத்தில் "நல்லா இறக்கி வை தம்பி, கால் எட்டணும்" என்பார்கள், அவர்களும் இறக்கி வைத்துவிடுவார்கள். சீட் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அதிகம் மடங்கி, சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். இரண்டு மணி நேரம் அப்படி மிதித்துவிட்டு மறுநாள் படி இறங்க முடியாமல் என்னிடம் வருபவர்கள் உண்டு. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும்; பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் லேசான மடிப்பு இருக்கும். அதுதான் சரியான உயரம். பயம் இருந்தால் முதல் அரை மணி நேரம் தாழ்வாக வைத்துப் பழகுங்கள், நடை பிடிபட்டதும் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

கரைப்பாதை குண்டும் குழியுமாக இருக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும், உள்ளங்கையின் அடிப்பகுதியில் ஓடும் நரம்பு நசுங்குவதால் வருவது அது. முழங்கையைத் தளர்த்தி லேசாக மடக்கி வையுங்கள், பிடியை மாற்றிக்கொண்டே இருங்கள், கால்மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நில்லுங்கள். நின்றால்தானே பறவையும் தெரியும். ஒரு கையில் செல்போனை வைத்துக்கொண்டு படம் எடுத்தபடி ஓட்டுவதை மட்டும் செய்யவே வேண்டாம்.

இப்போது காற்று. இதைக் கடற்கரைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பறவைகள் இருக்கும் மார்கழி, தை மாதங்களில் இங்கே வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து அடிக்கும். காலையில் தென்மேற்காகக் கிளம்பினால் முதுகில் காற்று, பேட்டரி குறைவதே தெரியாது. திரும்பும்போதுதான் தெரியும். நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே 15 கிலோமீட்டர் காற்று என்றால் உடம்பு 35 கிலோமீட்டர் காற்றை வாங்குகிறது, காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. பேட்டரி பாதி வழியில் தீர்ந்து, அந்தக் கனத்த வண்டியை எதிர்க்காற்றில் மோட்டார் துணையில்லாமல் மிதித்து வந்த ஒருவருடைய முழங்கால் வீக்கம் வடிய மூன்று வாரம் ஆனது. முதலில் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றோடு வாருங்கள். வழி அப்படி அமையவில்லை என்றால் பேட்டரியில் பெரும்பகுதி மீதமிருக்கும்போதே திரும்பிவிடுங்கள். தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை சுமார் 9.5 கிலோமீட்டர் திறந்தவெளிச் சாலை. ஒரு பக்கம் ஆழமில்லாத நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்கும் காலமானால் கண் அங்கேயே போகும், ஆனால் காற்று பக்கவாட்டில் தள்ளும், தார்ச்சாலையில் மணல் படிந்திருக்கும், வேன்கள் வேகமாகக் கடக்கும். முதல்முறை பேட்டரி சைக்கிள் ஓட்டுகிறவருக்கு அது ஏற்ற இடமில்லை, கண்மாய்க் கரையே நல்லது.

அந்தக் குளிர்ந்த காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் தாகமும் தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் அவ்வப்போது இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் காலை ஆறரைக்குக் கிளம்பி ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது, எத்தனை மணிக்கு மாத்திரை போடலாம் என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் ஏறவே கூடாது. பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும், வழியில் வாங்கும் பனங்கிழங்கை நம்பி இருக்க வேண்டாம், சர்க்கரை இறங்கிய நேரத்தில் அது அவ்வளவு வேகமாக ஏறாது. நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் செருப்பைத் தவிர்த்து, பிடிமானம் உள்ள ஷூவில் வாருங்கள். மேலும் கீழும் இரட்டைப் பவர் உள்ள கண்ணாடி போடுபவர்களுக்குக் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்க்கையில் பள்ளத்தின் ஆழம் ஏமாற்றும். தலைசுற்றல் அடிக்கடி வருகிறவர்கள், அண்மையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் மருத்துவர் சரி சொன்னால் மட்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர், விழுந்து தலையில் இடித்துக்கொண்டால், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹெல்மெட் எல்லோருக்கும் கட்டாயம், தாடைப்பட்டை பூட்டிய ஹெல்மெட்.

பயணத்துக்குப் பணம் கட்டும் முன் வழிகாட்டியிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். ஒரு குழுவில் எத்தனை பேர், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் வருவார்களா, பழகிப் பார்க்க நேரம் தருவார்களா, கரையில் ஓட்ட வனத்துறையின் அனுமதி இருக்கிறதா. சீமைக்கருவேல முள் கிடக்காத கரை நம் ஊரில் இல்லை, ஆகவே பஞ்சர் நிச்சயம் வரும். பின் சக்கரத்தில் மோட்டார் இருந்தால் அதைக் கழற்றி மாட்டுவது லேசில்லை, அதற்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். கூடுகளுக்கு வெகு முன்னாலேயே வண்டியை நிறுத்தச் சொல்லும் வழிகாட்டி நல்ல வழிகாட்டி. தாய்ப்பறவை மிரண்டு எழுந்துபோனால் காகம் முட்டையைக் கொத்திவிடும், வெயில் ஏறினால் குஞ்சு தாங்காது.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது விழலாம். அப்போது கூட இருப்பவர்கள் செய்யும் ஒரு தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். "விரல் அசையுதுல்ல, அப்ப எலும்பு முறியல" என்று சொல்லி, எண்ணெய் தேய்த்து உருவி விடுகிறார்கள். எலும்பு முறிந்தாலும் விரல் அசையும். உருவினால் விலகாத எலும்பும் விலகும். ஆசிரியைக்கும் அன்று அப்படி உருவிவிட்டு, மறுநாள் இரவு வலி தாங்காமல்தான் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். நேரே எடுத்திருந்தால் இரண்டு நாள் வலி மிச்சமாகியிருக்கும். கையை அசைக்காமல், அட்டையோ மடித்த செய்தித்தாளோ கீழே கொடுத்துத் தளர்வாகக் கட்டி, துப்பட்டாவால் கழுத்தில் தொங்கவிட்டு அன்றே எக்ஸ்ரேக்குக் கூட்டிப் போங்கள். அதற்கெல்லாம் முன்னால், விழுந்த கையிலிருக்கும் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். ஒரு மணி நேரம் போனால் வீக்கம் ஏறி, விரலிலிருந்து மோதிரம் இறங்காது, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆசிரியையின் நாற்பது வருடத் திருமண மோதிரத்தை அப்படித்தான் எடுத்தார்கள்.