பிள்ளை வகுப்பில் என்ன கற்கிறது: எண்ணும் எழுத்தும் திட்டமும் பெற்றோரின் உரிமையும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்களில், இரவு கடலுக்குப் போன தகப்பன் கரையேறி மீனை ஏலத்தில் விட்டுவிட்டு வீடு சேரும்போது பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பிள்ளை திரும்பி வரும் நேரத்தில் அவர் அடுத்த நாள் தொழிலுக்கு வலையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். பாம்பன் பக்கம் கடலில் பாசி எடுக்கப் போகும் தாய்மாரின் நிலையும் ஏறத்தாழ இதுதான். இதனால் "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்டு, விடையைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்க முடியாமலே பல வீடுகளில் பருவங்கள் கழிந்துவிடுகின்றன. அந்த விடையைப் பிள்ளையிடமும் ஆசிரியரிடமும் கேட்டுப் பெற அரசுத் திட்டமும் சட்டமும் இடமளிக்கின்றன என்பது இங்கே பலரும் அறியாத செய்தி.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய, தமிழ்நாடு அரசு 2022 ஜூன் மாதம் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. 2025ஆம் ஆண்டுக்குள் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் பொருள் புரிந்து படிக்கவும், எழுதவும், அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பதே அப்போது வைத்த இலக்கு. முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளில் தொடங்கிய திட்டம், அடுத்த கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் விரிவடைந்தது.

இத்திட்டத்தில் தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகிய பாடங்களில் பிள்ளை உண்மையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் மதிப்பிடப்படுகிறது. அதன்படி அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளில் கற்பித்தல் நடக்கிறது. அரும்பு ஒன்றாம் வகுப்புக்கும், மொட்டு இரண்டாம் வகுப்புக்கும், மலர் மூன்றாம் வகுப்புக்கும் உரிய அளவு. மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் தமிழில் அரும்பு நிலையில் இருக்கிறாள் என்று ஆசிரியர் சொன்னால், பெற்றோர் தலைகுனிய வேண்டியதில்லை, பிள்ளையைக் கடிந்துகொள்ளவும் கூடாது. அவளுக்கு எந்த இடத்திலிருந்து கற்பிக்க வேண்டும் என்பதைக் காட்டும் குறிப்பு மட்டுமே அது. அதே பிள்ளை கணக்கில் மலர் நிலையில் இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு பாடத்துக்கும் நிலையைத் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வகுப்பறையில் கதைக்களம், ஆடல் பாடல் களம், படித்தல் களம், படைப்புக் களம் போன்ற பகுதிகள் அமைக்கப்படுகின்றன. பிள்ளைகள் கற்றதை மற்றவர் முன் சொல்லவும் நடித்துக் காட்டவும் செய்து காட்டவும் ஏற்பட்டவை இவை. சிப்பிகளைப் பத்துப் பத்தாகக் குவித்து, மூன்று குவியலும் நான்கு உதிரியும் சேர்ந்தால் 34 என்று ஒரு சிறுமி பக்கத்திலிருப்பவனுக்கு விளக்கும்போது, பத்தும் ஒன்றும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டன என்பது தெளிவாகிறது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மதிப்பெண்ணைக் கேட்பதைவிட, "அந்தக் கதையைச் சொல், அந்தக் கணக்கைச் செய்து காட்டு" என்று பிள்ளையின் பயிற்சி நூலை விரித்து வைத்துக் கேட்பதே பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில், கோடை விடுமுறையும் சேர்ந்து வருவதால், தகப்பன்மாருக்கும் இதற்கு நேரம் கிடைக்கும்.

இனி, சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, செயல்பாடுகள் வழியாகக் கற்றல் நடக்க வேண்டும் என்றும், பிள்ளை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்லத் துணைசெய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. 24ஆம் பிரிவின்படி, ஆசிரியர் பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது அவருடைய கடமை. ஆகவே இதைக் கேட்பவர் ஆசிரியரைக் குறை சொல்லப் போகிறவர் என்று எவரும் கருதவேண்டியதில்லை.

பள்ளி நடப்பைக் கவனிக்க இச்சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளிகளில் இக்குழு ஆலோசனை கூறும் அளவில் செயல்படும். கூட்டம் எந்த நேரத்தில் வைத்தால் கடல் தொழிலுக்குப் போகும் குடும்பங்கள் வரமுடியும் என்பதை இக்குழுவிலேயே பேசி முடிவுசெய்யக் கேட்கலாம். இதை முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

தொழிலுக்காக வேறு துறைமுக ஊருக்குக் குடிபெயரும் குடும்பங்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றக் கேட்டால் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். அது வரத் தாமதமாகிறது என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. அங்கே சேர்ந்த உடன், பழைய பள்ளியில் பிள்ளை எந்த நிலையில் இருந்தது என்பதைப் பயிற்சி நூலோடு காட்டினால், புதிய ஆசிரியர் தொடங்கும் இடம் தெளிவாகும். குறை இருந்தால் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துமூலம் புகார் தரலாம். சட்டப்படி 3 மாதத்துக்குள் அது தீர்க்கப்பட வேண்டும். பள்ளிக் கல்வி தொடர்பான ஐயங்களுக்கு 14417 என்ற எண்ணில் பேசலாம்.