கடல் இல்லாத தீவுகள்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், சேந்தாந்த்ரே ஊரில் கரும்புத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கும் நம் தமிழ் வம்சாவளிக்காரர்களிடம் "மஃபாத் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டால், "அவ்வளவு தூரம் யாரால் நடக்க முடியும்?" என்று சிரிப்பார்கள். நியாயம்தான். தீவின் நடுவே கிட்டத்தட்ட 100 சதுர கிலோமீட்டருக்குக் கிடக்கும் அந்த மலைப்பள்ளத்துக்குள் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். அப்படியும் எழுநூறு, எண்ணூறு பேர் அங்கே குடியிருக்கிறார்கள். அவர்களுடைய ஊர் ஒவ்வொன்றுக்கும் 'இலே' என்று பெயர். பிரெஞ்சில் சின்னத் தீவு என்று அர்த்தம்.

மலைக்குள் ஏது தீவு?

மஃபாத் பள்ளத்தை ஒட்டி நிற்கும், 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ நேஜ் மலை ஒரு காலத்தில் எரிமலை. அது அடங்கிப் பத்தாயிரம் வருஷங்களுக்கு மேலாகிறது. நெருப்பு நின்றால் மலை வளர்வதும் நின்றுவிடும். அப்புறம் மழையின் ராஜ்யம்தான். மலையின் பக்கங்கள் பெருஞ்சரிவுகளாக இடிந்து, அந்த இடிபாடு பள்ளத்தில் குவிந்தது. பாறைத் துண்டும் மண்ணும் கலந்த கலவை அது. ஓடைகளுக்கு அதை அறுப்பது எளிது.

இங்கே மழை என்றால் சாதாரண மழையா? 1980 ஜனவரியில் வந்த ஹியாசிந்த் புயலின்போது, தீவின் மறுகோடியில் கொமெர்சோன் என்ற பழைய எரிமலை வாயருகே 15 நாளில் 6,083 மில்லிமீட்டர் பெய்தது. சென்னைக்கு அது நாலு வருஷத்து மழை. மஃபாத் மழை மறைவுப் பக்கம்தான், ஆனாலும் புயல் வந்தால் தப்பாது. வில்லை போட்ட அல்வாத் தட்டில் பாதியை எடுத்த பிறகு அங்கங்கே சில துண்டுகள் நிற்குமே, அப்படித்தான் ஓடைகள் தொடாத இடங்கள் மேடையாக மிஞ்சின. மேலே சமதளம், சுற்றிலும் செங்குத்துச் சரிவு. அதுதான் இலே.

எத்தனை வீடு கட்டலாம், எவ்வளவு பயிர் வைக்கலாம் என்பதை அந்த மேடையின் அளவே முடிவு செய்துவிடுகிறது. எதிர் மேட்டில் சேவல் கூவுவது காதில் விழும். அங்கே போகவோ ஓடைவரை இறங்கி மறுபடி ஏற வேண்டும். நிலம் அரசாங்கத்துடையது, குடியிருப்பவர்கள் குத்தகைக்காரர்கள். பிள்ளைகள் தொடக்கப் பள்ளி முடித்ததும் படிப்புக்காகக் கடலோரம் இறங்க வேண்டியதுதான். தீவு முழுவதற்கும் சதுர கிலோமீட்டருக்கு சுமார் 350 பேர் என்றால், மஃபாத்தில் ஏழெட்டுப் பேர்.

முதலில் இங்கே ஏறியவர்கள் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள். 1848இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு நிலமில்லாத ஏழை வெள்ளையர்கள் வந்தார்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர்களைக் கரும்பு இருந்த கடலோரத்தில் இறக்கினார்கள், அங்கேயே தங்கிவிட்டோம்.

நான் போனது பக்கத்து மலைப்பள்ளமான சலாசி வழியாக. வழியெல்லாம் சௌசௌக் கொடி. தீவுக்காரர்கள் அதை 'ஷூஷூ' என்கிறார்கள். 1,956 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி இறங்கினால் 'தாமரின் சமவெளி'. பெயரில் புளி இருக்கிறதே என்று புளியமரத்தைத் தேடிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அது அக்கேசியா இனத்து மரமாம், நம் புளியமரம் வேறு, அது வேறு.

இரண்டு மணி நேரம் நடந்து லா நுவெல் என்ற இலேவுக்குப் போய்ச் சேர்ந்தபோது தலைக்கு மேல் ஹெலிகாப்டர். அடியில் தொங்கிய வலையில் கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை. திரும்ப ஏறும்போது அதே வலையில் ஊர்க் குப்பை.