வயித்து வலின்னு வந்த பையனும் ஹைடியும்

சின்ன வயசுல ‘ஹைடி’ங்கிற கதைப் புத்தகம் படிச்சப்போ மனசுல நின்னதெல்லாம் ஆடுங்க, தாத்தா நெருப்புல வாட்டிக் குடுக்கிற சீஸ், பரண்ல வைக்கோல் படுக்கை, அவ்வளவுதான். குழந்தைகள் மனநல டாக்டராகி பல வருஷம் கழிச்சு திரும்ப எடுத்தப்போ ஃபிராங்க்ஃபர்ட் அத்தியாயங்களைத் தாண்டி போகவே முடியல, ஏன்னா கிளினிக்ல அடிக்கடி பாக்கிற பிள்ளை அதுல இருக்கா.

யோஹானா ஸ்பைரி ஜெர்மன்ல எழுதி 1880ல வந்த கதை. ஆல்ப்ஸ் மலைல தாத்தாகூட இருந்த எட்டு வயசு பொண்ண சித்தி கூட்டிட்டு வந்து ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துல ஒரு பணக்கார வீட்ல விட்டுடறா, வீல்சேர்ல இருக்கிற கிளாராவுக்கு துணையா. நல்ல சாப்பாடு, நல்ல துணி, கிளாராவும் பாசமாத்தான் இருக்கா. ஆனா ஊர்ல கண்ணு தெரியாத பாட்டியால காஞ்ச ரொட்டிய மெல்ல முடியாதேன்னு இவ மேஜைலேர்ந்து வெள்ளை ரொட்டிய எடுத்து எடுத்து அலமாரில சேத்து வைக்க, வீட்டைப் பாத்துக்க வேலைக்கு வெச்சிருக்கிற அம்மா அத்தனையும் தூக்கிப்போட சொல்லிடறாங்க. அழக்கூடாதுன்னு வேற உத்தரவு. சாப்பாடு இறங்கல, மெலிஞ்சுட்டே போறா. ராத்திரில பூட்டின வாசக்கதவு காலைல திறந்து கிடக்கு, வேலைக்காரங்க பேய்ங்கறாங்க, கடைசில பாத்தா தூக்கத்துல நடந்து போறது ஹைடி!

அப்போ வர்ற டாக்டர் கேக்கிற விதம் இருக்கே, அதை மெடிக்கல் காலேஜ்ல பாடமா வைக்கலாம். எங்கயாவது வலிக்குதான்னு கேக்கறார். இல்ல, பெரிய கல்லு அழுத்தற மாதிரி இருக்குங்கறா. அப்ப நல்லா அழுவியான்னு கேட்டா, அழக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னு பதில். இது மாத்திரைல தீராது, பிள்ளைய உடனே ஊருக்கு அனுப்புன்னு தன் நண்பரான கிளாராவோட அப்பாகிட்ட அடிச்சு சொல்லிடறார். (வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாவே 1688லயே யோஹன்னஸ் ஹோஃபர்னு ஒருத்தர் பாசெல்ல ஆய்வா எழுதி நாஸ்டால்ஜியான்னு பேரும் வெச்சாரு.)

அடையாளம் தெரியாம மாத்தி சொல்றேன், ஹாஸ்டல்ல சேத்து மூணு மாசமான ஒரு பையன், ஓயாம வயித்து வலி, ஸ்கேன், ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். நடிக்கிறான்னு அப்பா கோவமா இருந்தார். பென்சில் பாக்ஸ காட்டுடான்னு கேட்டேன், உள்ள நாலா மடிச்ச பஸ் டிக்கெட், கடைசியா வீட்டுக்கு போயிட்டு வந்தது. கல்லு மாதிரி அழுத்துதாப்பான்னு கேட்டதும் மொதல்ல அப்பா முகத்தை பாத்தான், அழலாமான்னு கேக்கிற மாதிரி.

அந்த வலி நிஜம்ங்க, நடிப்பு இல்ல. மொதல்ல குழந்தை டாக்டர்கிட்ட காட்டி உடம்புல ஒண்ணும் இல்லன்னு உறுதி பண்ணிக்கோங்க, அப்புறம் திட்டாம, லஞ்சம் குடுக்காம, என்ன ஞாபகம் வருதுன்னு கேளுங்க. அழுதா அழ விடுங்க. தூக்கத்துல நடந்தா உலுக்கி எழுப்ப வேண்டாம், மெதுவா படுக்கைக்கு கூட்டிட்டு வந்துடுங்க, கதவு, மாடிப்படி பத்திரம். நிறைய பிள்ளைங்களுக்கு வளர வளர தானா நின்னுடும்.

கதைல பின்னால ஹைடிய பாக்க மலைக்கு வர்ற கிளாரா மலைக்காத்துல எழுந்து நடக்கிற இடம் மட்டும் எனக்கு ஒப்பாது, வீல்சேர்ல இருக்கிற பிள்ளைக்கு படிச்சு காட்டும்போது மனசு வெச்சா நீயும் நடப்பேன்னு தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க.

அந்த பையன வாராவாரம் வீட்டுக்கு கூட்டிட்டு போக அப்பா ஒத்துக்கிட்டார். போன தடவை வந்தப்போ பென்சில் பாக்ஸ்ல ரெண்டு புது டிக்கெட் இருந்துச்சு.