சைபர் எங்கே என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்

“தம்பி, உது எங்கையிருந்து அளக்குது?”

கொக்குவில் வீட்டு விறாந்தையில் நான் பூட்டி வைத்திருந்த, கணினி சொல்கிறபடி மரம் வெட்டும் சின்ன சி.என்.சி. ரவுட்டரைப் பார்த்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி இது. வாழ்நாள் முழுக்க ஓடாவி வேலை செய்தவர். விலை என்ன, எத்தனை வாட் மோட்டர் என்றெல்லாம் கேட்கவில்லை. எந்தப் பலகையை எடுத்தாலும் ஒரு நேர் ஓரம் பிடித்து, பென்சிலால் குறி போட்டு, அதிலிருந்தே மற்றதெல்லாம் அளப்பவருக்கு வேறு எந்தக் கேள்வி வரும்?

மெஷினுக்கும் அப்படி ஒரு குறி வேண்டும், அதுதான் சைபர், அதாவது பூச்சியம். ஆனால் அதை அது தானாகக் கண்டுபிடிக்காது. இதிலுள்ள ஸ்ரெப்பர் மோட்டர் ஒரு சுற்றை 200 படிகளாகச் சுற்றும். திருகுத்தண்டு சுற்றுக்கு 8 மில்லிமீற்றர் நகர்த்துமென்றால் ஒரு படி 0.04 மி.மீ. எத்தனை படி அனுப்பினோம் என்று மெஷினை இயக்கும் மின்னணு அட்டையான போர்டு எண்ணிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கண்ணைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் அடி எண்ணி நடக்கிற மாதிரி. வைரம் பாய்ந்த பனைப் பலகையில் வெட்டும் அலகான பிட் இறுகி மோட்டர் நாலைந்து படியைத் தவறவிட்டாலும் போர்டுக்குத் தெரியாது. எண்ணிக்கை சரியாக இருக்கும், இடம் பிழைத்திருக்கும்.

புதிதாக வாங்குபவர்களைக் குழப்புவது, சைபர் ஒன்றல்ல, இரண்டு என்பதுதான். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்றொரு இடம் உண்டு. ஏ9 வீதி கண்டியில் தொடங்குவதால் வந்த மைல் கணக்கு அது. யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில் ஏறுகிறவர் யாரும் கண்டியிலிருந்து எண்ணுவதில்லை. அவருக்குத் தன் ஊர்தான் சைபர். இடம் ஒன்று, இலக்கம் இரண்டு. மெஷினின் சொந்தச் சைபர் கண்டி. பலகையின் மூலையில் நீங்கள் வைக்கும் சைபர் யாழ்ப்பாணம். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் போர்டு நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கூட்டிக் கழித்துக்கொள்கிறது.

கண்டியைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு ஹோமிங் என்று பெயர். முதலில் பிட் மேலே போகும், பிறகு மற்ற இரண்டு அச்சும், இடம்-வலமான எக்ஸும் முன்-பின்னான வையும், ஓரத்துக்கு ஓடி, அங்கே எல்லை காட்டும் லிமிட் சுவிட்சில் முட்டும். கொஞ்சம் பின்வாங்கி, மெதுவாக மறுபடியும் முட்டும்; அந்த இரண்டாவது தொடுகைதான் கணக்கில் எடுபடும். ஜி.ஆர்.பி.எல். என்ற இயக்க மென்பொருள் போட்ட போர்டுகளில் இந்த மூலை வழக்கமாக வலது பக்கத்துப் பின்மூலை. அதனால் மெஷின் கணக்கில் மேசை முழுவதும் மைனஸில்தான் இருக்கும். எக்ஸ் -240 என்று திரையில் கண்டு பயப்படத் தேவையில்லை. அந்த இடத்தைப் பலகையின் சைபர் என்று சொல்லிவிட்டால், பிட் -200க்கு வரும்போது பலகைக் கணக்கில் 40.

ஓரத்தைப் பிடிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. மெஷின் எண்ணுவது பிட்டின் நடுமையத்தை. பலகையில் முட்டுவதோ பிட்டின் விளிம்பு. 6 மி.மீ. பிட் இடது ஓரத்தைத் தொடும்போது மையம் 3 மி.மீ. வெளியே நிற்கும். ஆகவே அங்கே 0 என்று போடாமல் -3 என்று போடவேண்டும்.

உண்மையில் சோதனை இசட்டில்தான், அதாவது உயரத்தில். பழைய முறை கடதாசி. பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு, பலகைக்கும் பிட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு ஃபோட்டோகொப்பிக் கடதாசியை வைத்து, 0.05 மி.மீ. வீதம் இறக்கிக்கொண்டு கடதாசியை ஆட்டுங்கள். வழுக்கிக்கொண்டிருந்த கடதாசி ஒரு கட்டத்தில் விரலைப் பிடித்து இழுக்கும். அங்கே இசட் 0.1, கடதாசியின் தடிப்பு. மாமாவுக்கு இது உடனே பிடித்துப்போனது. என்னைவிட அவர் விரல் நன்றாகப் பிடிக்கிறது.

மற்றது தொடுதகடு. பிட்டில் ஒரு கிளிப், தகட்டில் ஒரு வயர். இரண்டும் தொட்டதும் மின்சுற்று மூடி மெஷின் நின்றுவிடும். தகடு 15 மி.மீ. என்றால் அங்கே இசட் 15. கிளிப்பைப் பூட்ட மறந்தால் சுற்று மூடாது, மெஷினும் நிற்காது. நான் அப்படித்தான் ஒரு 3.175 மி.மீ. பிட்டை, மாமாவின் கணக்கில் ஒரு நூல் பிட்டை, முறித்தேன். இப்போது இறக்குவதற்கு முன் தகட்டைக் கையால் தூக்கிப் பிட்டில் தொட்டு, திரையில் விளக்கு மாறுகிறதா என்று பார்ப்பேன்.

இவ்வளவு கவனம் ஏன்? எழுத்து வெட்டும், கூர்நுனியுள்ள வி-பிட்டின் கோணம் 90 பாகை என்றால், ஆழம் 0.5 மி.மீ. கூடும்போது கோட்டின் அகலம் 1 மி.மீ. கூடிவிடும். ‘அன்னை இல்லம்’ என்று வெட்டிய பலகையில் ‘ன’வின் சுழி அடைபட்டுப் போனது அதனால்தான். ஆங்கில எழுத்துக்கு இவ்வளவு சுழி இல்லை. தமிழுக்கு இசட் பிழைக்கக்கூடாது. பிட் மாற்றினாலும் இசட்டை மட்டும் மறுபடி வையுங்கள், எக்ஸ், வை இரண்டையும் தொடாதீர்கள்.

பலகையை முழுதாக ஊடறுத்து வெட்டுவதானால் இசட் சைபரைப் பலகையின் மேலே வைக்காமல் மேசையில் வைப்பது நல்லது. மரக்காலையில் 19 மி.மீ. என்று தந்தது 18.3 ஆக இருந்தால், மேலேயிருந்து 19 இறங்கும் பிட் மேசைக்குள் 0.7 போய்விடும்.

பிறகு, கரண்ட். பாதி வேலையில் போனால் எண்ணிக்கையும் போய்விடும். லிமிட் சுவிட்ச் இருந்தால் ஹோமிங் செய்தால் போதும். ஜி54 என்ற பெயரில் பதிந்த பலகைச் சைபர் போர்டில் கரண்ட் போனாலும் அழியாத நினைவில் இருப்பதால் திரும்பக் கிடைக்கும். ஜி92 என்ற கட்டளையால் வைத்த சைபர் அப்படி நிற்காது. சில மென்பொருள்களின் சைபர் பட்டன் ஜி92ஐத்தான் அனுப்புகிறது. உங்களுடையது எது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சுவிட்ச் இல்லாத மெஷினுக்கு மாமா சொன்ன வழி, சைபரில் ஊசித்துளை ஒன்று போட்டு வைப்பது. கரண்ட் வந்ததும் வி-பிட்டின் நுனியை அந்தத் துளையில் இறக்கினால் சரி. பின்னால் சீவி எறியும் பக்கமாகப் பார்த்துத்தான் துளையைப் போடவேண்டும். நான் ‘அ’வுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டேன். அந்தப் பலகை துளையோடு இப்போது வாசலில் தொங்குகிறது.