நெற்சுணையும் கண்ணில் விழும் பூவும்

"கண்ணில பூ விழுந்திட்டு" என்று சொல்லிக்கொண்டு வரும் வயதானவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது புரை. புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்குவது. நோவில்லாமல் ஆறுதலாக வரும். சத்திரசிகிச்சையில் செயற்கை வில்லை வைத்தால், கண்ணின் மற்றப் பாகங்கள் நல்லபடி இருக்கும் வரை பார்வை திரும்பிவிடும். பூ அப்படியல்ல. அது கண்ணின் முன்கண்ணாடியில் விழுந்த தழும்பு. டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் இருந்து பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் வீட்டிலேயே தெரியும். கண்மணியின் கறுப்பு வட்டத்துக்குள் மட்டும் வெண்மை தெரிந்தால் அது புரையாக இருக்கலாம். கண்ணின் மேற்பரப்பிலேயே வெள்ளைத் திட்டு இருந்து, பின்னால் உள்ள கபில நிறப் பகுதியையும் மறைத்தால் அது பூ. (சின்னப்பிள்ளையின் கண்மணிக்குள் வெள்ளை தெரிந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். அடுத்த நாள் என்று தள்ளாமல் அன்றே கண் டொக்டரிடம் காட்டுங்கள்.)

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பூ விழுவதற்கு ஒரு பருவமே உண்டு என்று சொல்லலாம். பெரும்போக வெள்ளாமை வெட்டு முடியும் மாசி, பங்குனி, சிறுபோகம் முடியும் ஆடி, ஆவணி. அந்த நாட்களில் வவுணதீவு, வெல்லாவெளி வயல்களிலும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகளிலும் காற்றெல்லாம் நெல்மணியின் கூர்மயிரான சுணையும் உமியும்தான். முன்னர் சூடு மிதித்துத் தூற்றுகிறவர்களுக்கு மட்டும் இருந்த தொல்லை இது. இப்போது வெட்டு மெசினுக்குப் பின்னால் சாக்குப் பிடிக்கிறவருக்கும், றோட்டோரம் நெல் காயப்போட்ட இடத்தால் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மோட்டார்சைக்கிளில் போகிறவருக்கும் இருக்கிறது.

அந்த முன்கண்ணாடியைப் பாடசாலைப் புத்தகம் விழிவெண்படலம் என்கிறது. ஊரில் கருவிழி என்பார்கள். இரண்டும் பொருந்தாத பெயர்கள். அது வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை, நிறமே இல்லாதது. வெள்ளையாகிவிட்டால்தான் வருத்தம். குறுக்களவு ஏறக்குறைய 12 மில்லிமீற்றர், நடுவில் தடிப்பு அரை மில்லிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்து விழித்திரையில் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இந்த மெல்லிய படலமே செய்கிறது. உள்ளே இருக்கும் வில்லைக்கு மிஞ்சுவது மீதிதான். அதனால் இதன் நடுவில் ஒரு சின்னக் கீறல் தழும்பானாலும் பார்வை குலைந்துவிடும். அதே தழும்பு ஓரத்தில் விழுந்தால் பார்வைக்குப் பெரிய பாதிப்பு இருக்காது.

இதற்குள் இரத்தக் குழாய் ஒன்றும் இல்லை. இருந்தால் ஒளி தடைப்படும். தேவையான ஒட்சிசனைக் கண்ணீர்ப் படலத்தின் வழியாக வெளிக்காற்றிலிருந்தும், குளுக்கோசைப் பின்புறம் இருக்கும் நீர்மயவுடனீர் என்ற தெளிந்த நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. கையில் முள் குத்தினால் நோய் எதிர்ப்புக் கலங்கள் இரத்தத்தோடு சில நிமிடங்களில் வந்து சேரும். விழிவெண்படலத்துக்கு அவை ஓரத்திலிருந்து ஊர்ந்துதான் வர வேண்டும். கிருமி உள்ளே புகுந்துவிட்டால் அதற்கு நிறைய நேரம் கிடைத்துவிடுகிறது.

மேல் தோல் ஐந்தாறு வரிசைக் கலங்கள் கொண்டது. மிக வேகமாக வளரும். வெறும் கீறல் என்றால் ஒன்றிரண்டு நாளில் பக்கத்துக் கலங்கள் நகர்ந்து வந்து மூடிவிடும், அடையாளமே இருக்காது. அதற்குக் கீழே போமன் படை. அது கிழிந்தால் திரும்ப முளைக்காது, அந்த இடத்தில் தழும்புதான். அதற்கும் கீழே முழுத் தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துக்கொள்ளும் நடுப்படை. பன்பாய் பின்னியது போல ஒரே இடைவெளியில் அடுக்கிய கொலாஜன் இழைகள் அங்கே இருக்கின்றன. அந்த ஒழுங்குதான் கண்ணாடித் தன்மையின் இரகசியம். கிருமி அரித்து உடல் ஒட்டுப்போடும்போது இழைகள் கண்டபடி விழும். அதைத்தான் பூ என்கிறோம். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒற்றை வரிசைக் கலங்கள் இருந்து, நடுப்படைக்குள் கசியும் நீரை ஓயாமல் வெளியே இறைக்கின்றன. பிறந்த பின் இவை பெருகுவதில்லை. கொத்தாக அழிந்தால் படலம் நீர் ஊறிப் பொருமி மங்கிவிடும்.

இனி நெற்சுணைக்கு வருவோம். சுணையை உருப்பெருக்கியில் பார்த்தால் வாள் பல் போன்ற கொக்கிகள் தெரியும். ஒரு பக்கமாக நகரும், மறுபக்கம் வராது. கண்ணில் பட்டதும் கசக்கினால் அது மேல் இமையின் உட்புறம் ஏறி, விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் உள்ளே இருக்கும் சின்னப் பள்ளத்தில் குந்திக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு இமைப்பிலும் படலத்தைச் சீவும். நிமிடத்துக்குப் பதினைந்து தடவை என்று வைத்தாலும் ஒரு மணித்தியாலத்தில் தொள்ளாயிரம் சீவல். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் நீர் கொட்டும். வைத்தியசாலையில் புளோரசீன் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்க்கும்போது மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடுகள் தெரிந்தால், இமையைப் பிரட்டாமலேயே காரணம் விளங்கிவிடும்.

கீறலை விடக் கீறலோடு வரும் விருந்தாளி மோசம். வைக்கோலிலும் உமியிலும் பியூசேரியம், அஸ்பர்ஜிலஸ் போன்ற பங்கசுகள் சாதாரணமாக இருப்பவை. சுணை கீறிய வழியால் அவற்றின் வித்திகள் நடுப்படைக்குள் போய்விடும். பங்கசு ஆறுதலாகத்தான் வளரும். "ரெண்டு நாள் கண்ணுக்க உறுத்திச்சு, பிறகு சரியா போயிட்டு, இப்ப ஒரு கிழமையாத்தான் மங்கலா கிடக்கு" என்ற வரலாற்றைக் கேட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே. இரண்டு நாளில் மேல் தோல் மூடியதால் உறுத்தல் நின்றது, உள்ளே போனது நிற்கவில்லை. இறகு விளிம்பு போல ஓரம் கலைந்த சாம்பல் நிறத் திட்டும், அதைச் சுற்றிக் குட்டிப் புள்ளிகளும் இதன் சாயல். பல தடவை, பார்வைக்குத் தெரியும் பயங்கரத்தோடு ஒப்பிட்டால் நோவு குறைவாக இருக்கும். அந்தக் குறைந்த நோவை நம்பித்தான் ஆட்கள் நாளைக் கடத்துகிறார்கள்.

இந்த இடத்தில் பாமசித் துளிமருந்து கதைக்குள் வருகிறது. சிவந்த கண்ணுக்கு என்று கேட்டால் கிருமிகொல்லியும் ஸ்டீரொயிட்டும் கலந்த போத்தல் ஒன்று கைக்கு வந்துவிடும். சில வீடுகளில் அலுமாரியில் பழைய போத்தலே இருக்கும், யாருக்கோ புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கொடுத்தது. விட்ட அன்றே சிவப்பு வடியும், நோவும் குறையும். ஸ்டீரொயிட்டின் வேலையே அழற்சியை அடக்குவதுதான். அழற்சி என்பது உடல் செய்யும் எதிர்த்தாக்குதல், அதை அடக்கிவிட்டால் பங்கசுக்கு எதிரியே இல்லை. கண் வெளிறி அழகாக இருக்கும்போதே புண் நடுப்படையைத் துளைத்துக்கொண்டு போகும். போத்தலின் லேபலில் டெக்சாமெதசோன், பெட்டாமெதசோன், ப்ரெட்னிசலோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால், காயம்பட்ட கண்ணுக்கு அதைக் கண் டொக்டர் சொல்லாமல் விடக்கூடாது. பூ விழுந்த கண்களுக்குச் சுணையை விட இந்தப் போத்தல்களே அதிகம் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டு வைத்தியத்தையும் சொல்ல வேண்டும். தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைப் பூச்சாறு, நாக்கு நுனியால் தூசியை எடுப்பது. செய்கிறவர்களின் அன்பைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் வாயில் இருக்கும் பற்றீரியாவும், பூவில் இருக்கும் பங்கசும், சீனிச்சத்துள்ள பாலும் திறந்த புண்ணில் போய் விழுகின்றன. நோவு போக்கும் மரக்கப்பண்ணும் துளியைக் கேட்டு வாங்கி வீட்டில் விடுவதும் கூடாது. அது கலங்கள் மூடுவதைத் தடுக்கும்.

செய்ய வேண்டியது சுலபம். கசக்காமல் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கொதித்தாறிய தண்ணீர் அல்லது போத்தல் தண்ணீரைத் தலையைச் சரித்து மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஓட விடுங்கள், மற்றக் கண்ணுக்குள் போகாமல். குளத்துத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் வேண்டாம். மேல் இமையை மயிரைப் பிடித்துக் கீழ் இமையின் மேலாக இழுத்து விட்டால், கீழ் இமை மயிர் உட்புறத்தைத் தும்புத்தடி போலக் கூட்டிவிடும். இரண்டு மூன்று தடவையில் போகாவிட்டால் மேலே முயலாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். தாவரத் துணிக்கை பட்ட கண்ணைப் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டவும் கூடாது. இருட்டும் சூடும் ஈரமும் பங்கசுக்கு வேண்டியவை. ஒரு நாள் கழிந்தும் நோவு போகாவிட்டால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், பார்வை மங்கினால், வெள்ளைப் புள்ளி தெரிந்தால், கருவிழிக்குப் பின்னால் கீழ்ப்பகுதியில் சீழ் தங்கி ஒரு கோடாகத் தெரிந்தால், கண் பிரிவு உள்ள வைத்தியசாலைக்கு நேரே போக வேண்டும். விட்ட மருந்துப் போத்தலையும் கையோடு கொண்டு போங்கள். "வெள்ளை மூடி போட்டது" என்ற விபரத்தால் எவருக்கும் பயனில்லை. சீனி வருத்தக்காரர் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. அவர்களுக்குப் படலத்தின் உணர்ச்சி குறைந்திருக்கும், காயம் ஆறுவதும் தாமதிக்கும்.

சுண்ணாம்பு மட்டும் இந்த விதிகளுக்கு வெளியே. வெற்றிலைத் தட்டம் இருக்கும் வீட்டில் சுண்ணாம்புப் பைக்கற்றைப் பிள்ளை அமத்தி விளையாடும், அது பீறிட்டுக் கண்ணுக்குள் அடிக்கும். காரம் அமிலத்தை விடப் பொல்லாதது. கலங்களின் கொழுப்பைச் சவர்க்காரம் ஆக்கிக்கொண்டு உள்ளே உள்ளே இறங்கும். இதற்குக் கொதித்தாறிய தண்ணீர் தேடி நிற்கக் கூடாது. பைப்போ கிணறோ, கிட்ட இருக்கும் சுத்தமான தண்ணீரில் அந்த நிமிடமே தொடங்கி அரை மணித்தியாலம் இமையை விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். இமைக்குள் ஒட்டிய கட்டியை நனைத்த பஞ்சால் எடுக்க வேண்டும். இல்லையென்றால் அது கரைந்துகொண்டே இருக்கும். கழுவிய பிறகுதான் ஓட்டோவில் ஏற வேண்டும்.

வைத்தியசாலையில் புண்ணின் அடியைச் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள், வளர்ப்புக்கும் அனுப்புவார்கள். பங்கசு என்றால் பெரும்பாலும் 5 சதவீத நட்டமைசின். பால் போன்ற திரவம், அடியில் மண்டும், ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் இரவிலும் மணிக்கொரு தடவை விடச் சொல்வார்கள். நித்திரை கொள்ள விடாத மருந்து இது, அதற்காகவே பலரை வாட்டில் வைத்திருப்பது. பிறகு கிழமைக்கணக்கில் தொடரும். முதல் கிழமையில் முன்னேற்றம் தெரியாமல் இருப்பது வழமை, அதைக் கண்டு மருந்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள்தான் ஓட்டை விழுந்த கண்ணோடு திரும்புகிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு துளி போதும். கண்ணின் மேல் தங்கும் நீர் ஒரு துளியை விடக் குறைவு, இரண்டாவது துளி கன்னத்தில்தான் வழியும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம்.

பூ நடுவில் விழுந்துவிட்டால் எந்தத் துளிமருந்தும் அதைக் கரைக்காது. மேலோட்டமான தழும்பைச் சுரண்டவோ லேசரால் சீவவோ முடியும். ஆழமானதற்குப் படலத்தையே மாற்ற வேண்டும். ஏழெட்டு மில்லிமீற்றர் வட்டமாக வெட்டி எடுத்து, தானமாகக் கிடைத்த படலத்தைத் தலைமயிரிலும் மெல்லிய நைலோன் நூலால் தைப்பார்கள். இரத்தக் குழாய் இல்லாத குணம் இங்கே கைகொடுக்கிறது. மற்ற உறுப்புகளை விட இதை உடல் நிராகரிப்பது குறைவு. ஆனால் புண் நாட்பட்டு ஓரத்திலிருந்து குழாய்கள் உள்ளே வளர்ந்த கண்ணில் அந்த நன்மை போய்விடும். இலங்கையில் படலத் தானத்துக்குப் பழைய அத்திவாரம் இருக்கிறது. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் 1964 முதல் வெளிநாட்டுக்கும் படலம் அனுப்பிவருகிறது. கண்ணாடி போட்டவரின் கண்ணையும், புரை வந்தவரின் கண்ணையும் தானம் செய்யலாம். எடுப்பது முன்கண்ணாடி, பழுது அதற்குப் பின்னால் அல்லவா.

பாதுகாப்புக் கண்ணாடி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி சுணையை மறிக்காது, பக்கத்தால் வரும். வெல்டிங் சாமான் விற்கும் ஹாட்வெயாரில் பொலிகாபனேட்டால் செய்த, முகத்தோடு ஒட்டும் நிறமற்ற கண்ணாடி கிடைக்கும். பக்கங்களில் காற்றுத் துளை உள்ளதாகப் பார்த்து எடுங்கள். துளை இல்லாதது வியர்வையில் புகைத்து, பத்து நிமிடத்தில் நெற்றிக்கு ஏறிவிடும். வெட்டு மெசின் வட்டைக்குள் இறங்குவதற்கு முதல் நாள் உள்பக்கத்தில் ஒரு துளி சவர்க்காரத் தண்ணீரைப் பூசித் துணியால் துடைத்துக் காயவிட்டால் புகைப்பது குறையும்.